வெள்ளையடித்துப் போன விமானம் திரும்பி வந்த விவரம்

சிடாம் கிரி,
ஞாயிற்றுக்கிழமை, காலை பசியாறிய பிறகு.

மதிப்பிற்குரிய மச்சான் காளிதாசன் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் அக்காள் புருஷன் பரஞ்சோதி எழுதிக்கொள்வது. இங்கு நானும், தங்கள் அக்காள் லோகேஸ்வரியும், கல்யாணப்பெண் சாந்தினியும், என் பைனாகுலரும் சுகம். ஜித்ராவில் தாங்களும் குடும்பத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் தாங்கள் என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறீர்கள். ஆகவே தபால். இத்தனை மரியாதை எதற்கு என்று யோசிக்க வேண்டாம். கோபம் வந்தால் நான் மரியாதையாகத்தான் எழுதுவேன்.

இதை எழுதச் சொன்னது தங்கள் அக்காள். "ரெண்டே வரி எழுதுங்க. தப்பா பேசிட்டேன்னு ஒரு வரி, கல்யாணத்துக்கு வந்துடுன்னு ஒரு வரி. தாய்மாமன் இல்லாம எம்பொண்ண மணவறைக்கு யாரு கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போவா? உங்க பிளேனா வந்து கூட்டிட்டுப் போவும்?" என்று சொல்லிவிட்டு, பேனாவையும் தாளையும் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, எதிரிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள். இரண்டாவது வரியை முதலில் எழுதிவிடுகிறேன்: வரும் மாதம் பன்னிரண்டாம் தேதி முகூர்த்தம், தாங்கள் அவசியம் வர வேண்டும். முதல் வரியை எழுத முடியாது. ஏனென்றால் நான் தப்பாகப் பேசவில்லை. ஜெயித்துவிட்டேன், மச்சான்! ஆதாரம் கையில் இருக்கிறது!

ஆதாரத்தை இப்போதே சொன்னால் தாங்கள் மீதியைப் படிக்க மாட்டீர்கள், அது எனக்குத் தெரியும். அதனால் முதலிலிருந்து வருகிறேன். தங்களுக்குத் தெரிந்த சங்கதியையும் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளவும். இதன் நகல் ஒன்று கவுஸ் பாயின் நாசி கண்டார் சோற்றுக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கப் போகிறது. நாலு பேர் படித்து நியாயம் சொல்ல வேண்டும் அல்லவா?

நாம் இருவரும் சேர்ந்து தொடங்கியது 'வடக்கு வானம்' வாட்சப் குழு. கித்தா (ரப்பர்) ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற நான் அட்மின், லாரி கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்ற தாங்கள் இன்னொரு அட்மின். பதினான்கு உறுப்பினர்கள். ஞாயிறு தோறும் அலோர் ஸ்டார் விமான நிலைய வேலியோரம் தே தாரேக் தேத்தண்ணிப் பொட்டலத்தைக் கம்பியில் மாட்டிவிட்டு, கெனாரி ஏர் விமானங்கள் இறங்குவதைப் பார்த்து நம்பர் எழுதிக்கொள்வோம். மலிவு டிக்கெட் கம்பெனிதான், மொத்தமே ஒன்பது விமானம்தான். ஆனால் அந்த ஒன்பதும் நமக்கு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. எது மஞ்சள் வால், எது பச்சை வால், எதற்கு இறங்கும்போது இடது சக்கரம் முதலில் படும் என்பதெல்லாம் அந்தக் கம்பெனிக்காரனை விட நமக்கு நன்றாகத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன் குத்தகை முடிந்து, கே.என்.சி. என்று நம்பர் போட்ட விமானத்தை மேலிருந்து கீழ்வரை வெள்ளையடித்து வெளிநாட்டு முதலாளியிடம் திருப்பி அனுப்பினார்களே, அன்றைக்கு வேலியோரம் நின்று, "மொட்டையடிச்சு அனுப்புற மாதிரி இருக்கே அத்தான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது யார்? தாங்கள்தான்.

இந்த ஜனவரியில் வந்து இறங்கியது கே.என்.பி. மூக்கிலிருந்து வால்வரை நெற்கதிர் வரைந்த விசேஷப் பெயிண்ட், நெல் விளையும் நம் கெடா மாநிலத்துக்கு மரியாதையாம். பார்த்ததும் எனக்கே ஒரு கணம் நெஞ்சு நிறைந்துவிட்டது. தாங்கள் உடனே குழுவில் ஆடியோ போட்டீர்கள். அதை நான் இன்னும் அழிக்கவில்லை: "எல்லாரும் கேட்டுக்குங்க லா! இது புத்தம் புது பிளேன், கம்பெனி சொந்தமா வாங்கினது. வாடகை பிளேனுக்கு எவனாச்சும் இவ்ளோ பெயிண்ட் அடிப்பானா?" நான் பைனாகுலரில் பார்க்கிறேன், பின்கதவுக்குக் கீழே ஒரு சதுர ஒட்டு. முன்பு கே.என்.சி.யைச் சாப்பாட்டு லாரி இடித்துத் தகடு வைத்துத் தைத்தார்களே, அதே இடம், அதே அளவு. "இது புதுசுமில்ல, சொந்தமுமில்ல. நம்ம பழைய கே.என்.சி.தான், திரும்பவும் வாடகைக்கு வந்திருக்கு" என்று எழுதினேன். தாங்கள் சிரிப்புப் பொம்மை பதினோரு தடவை போட்டீர்கள். எண்ணினேன். "அத்தான், அது ஒட்டு இல்ல, நெல்லு மணி. கண்ணாடிய மாத்துங்க."

கண்ணாடியை மாற்றச் சொன்னாயே காளிதாசா, என்னை! நாற்பது வருஷம் ஸ்டோரில் ஒரு நட்டு குறையாமல் பார்த்துக்கொண்ட கண்ணையா!

மரியாதை நழுவிவிட்டது, போகட்டும். பொறுமையாகத்தான் விளக்கினேன். நம் கோயிலுக்குச் சொந்த ரதம் கிடையாது. வருஷா வருஷம் பண்டார் பாருவிலிருந்து வாடகைக்கு ரதம் வருகிறது. நம்முடைய பேனரைக் கட்டி, நம்முடைய பல்பைப் போட்டு, நம் அம்மனை ஏற்றினால் பார்க்கிறவனுக்கு அது நம் ரதம். மறுநாள் பேனரை அவிழ்த்தால் அது பண்டார் பாரு ரதம். அடுத்த வாரம் வேறு தோட்டத்துக் கோயிலின் பேனர் ஏறும். விமானத்துக்குப் பெயிண்டும் அதேதான், வெறும் பேனர்! நம்பர் பிளேட்டை மாற்றிவிட்டால் பழைய காடி புதுசாகிவிடுமா என்றும் கேட்டேன். குழுவே கை தட்டியது. நீ என்ன சொன்னாய்? "அத்தானுக்கு எதப் பாத்தாலும் வாடகையாத்தான் தெரியும், சொந்தமா ஒரு காடி வாங்காத மனுஷன்" என்றாய். உன் அக்காளும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டாய். ஆமாம், உன்னை ரிமூவ் செய்தேன். அட்மினுக்கு அந்த அதிகாரம் உண்டு.

அதற்கு நீ செய்த காரியம் இருக்கிறதே! அன்றைக்கே 'உண்மையான வடக்கு வானம்' என்று வேறு குழு தொடங்கினாய். என் குழுவில் இப்போது பதின்மூன்று பேர், உன் குழுவிலும் பதின்மூன்று பேர். நம் இருவரைத் தவிர எல்லோரும் இரண்டிலும் இருக்கிறார்கள். கவுஸ் பாய் ஒரே படத்தை இரண்டு தடவை போட்டுப் போட்டு விரல் வீங்கிவிட்டதென்று புலம்புகிறார். அவர் கடையில் வைத்து நீ சத்தியமும் செய்துவிட்டாய்: "கே.என்.பி. விஷயத்துல அத்தான் மன்னிப்புக் கேக்காம நான் பந்தல்ல கால் வைக்க மாட்டேன்." நானும் சளைத்தவன் இல்லை, "ஆதாரத்தோட வந்து அவனை மன்னிப்புக் கேக்க வைக்கிறேன்" என்று தட்டில் கோழிக்குழம்பு இருக்கும்போதே கை அடித்துச் சொன்னேன். குழம்பு பாய் சட்டையில் தெறித்தது வேறு கதை.

ஆதாரம் எங்கே இருக்கும்? விமானத்தின் முன்கதவு நிலையில். எந்த விமானமானாலும் அங்கே தொழிற்சாலை எண் பொறித்த சின்னத் தகடு ஒன்று இருக்கும். பெயிண்ட் மாறும், நம்பர் மாறும், முதலாளி மாறுவான், அந்த எண் மட்டும் சாகும்வரை மாறாது. கே.என்.சி.யின் எண்ணை நான் அந்தக் காலத்திலேயே 555 பாக்கெட் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கடைசி மூன்று இலக்கம் 647. ஆக, டிக்கெட் வாங்கி, கே.என்.பி.யில் ஏறி, கதவண்டை குனிந்து ஒரு பார்வை பார்த்தால் வேலை முடிந்தது. மாப்பிள்ளை புவனேசன் சுபாங்கில் விமானம் பழுதுபார்க்கிற வேலைதானே, அவரையே கேட்கலாமே என்று சாந்தினி சொன்னாள். நம் வீட்டுச் சண்டையைச் சம்பந்தி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதா? கூடாது என்றுவிட்டேன்.

முதல் பயணத்துக்கு உன் அக்காளையும் கூட்டிக்கொண்டேன். கோலாலம்பூரில் கூறைப் புடவை எடுக்கலாம் என்று சொன்னதும் அவளுக்கு முகமெல்லாம் பல். வந்து நின்றதோ கே.என்.டி.! கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றிவிட்டான். திரும்பிப் போய்விடலாம் என்றேன், அவள் பார்த்த பார்வையில் படி ஏறினேன். சரி, வந்ததுக்குத் தகடு எங்கே இருக்கிறது என்றாவது பார்த்து வைப்போம் என்று கதவு நிலையில் கையூன்றிக் குனிந்தேன். எனக்குப் பின்னால் வந்த அம்மாள், நான் வாசற்படியைத் தொட்டுக் கும்பிடுகிறேன் என்று நினைத்து அவரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் அவர் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் யாத்திரைக் கும்பல் ஒன்று, இருபது பேர் இருக்கும், ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே வருகிறார்கள். விமானம் பத்து நிமிஷம் தாமதம். பைலட் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். புடவை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். வழியெல்லாம் உன் அக்காள் என்னோடு பேசவில்லை, புடவையோடுதான் பேசினாள்.

இரண்டாம் முறை தனியாகப் போனேன், கல்யாணப் பத்திரிகை அச்சு பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு. பத்திரிகை இங்கே பக்கத்தில் சுங்கை பட்டாணியில்தான் அச்சாகிறது. அது அவளுக்கும் தெரியும். அன்றைக்கு நின்றது கே.என்.பி.யேதான்! நெற்கதிர் வெயிலில் தகதகவென்று மின்னுகிறது. முன்படியில் காலை வைத்தேன், கீழே நின்ற பெண், "அங்கிள், சீட் இருபத்தெட்டு, பெலாக்காங், பெலாக்காங்" என்று பின்படிக்குத் தள்ளிவிட்டாள். உள்ளே போய் முன்னால் நடந்தேன், பெல்ட் விளக்கு எரிகிறது உட்காருங்கள் என்றார்கள். பறக்கும்போது எழுந்தேன், சாப்பாட்டு வண்டி வழியை அடைத்துக்கொண்டு வருகிறது. அதைத் தாண்டப் பார்த்தேன், நான் நாசி லெமாக் கேட்கிறேன் என்று நினைத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். இறங்கும்போதும் பின்கதவுதான். தேடிய தகடு இருபத்தேழு வரிசைக்கு அப்பால், நான் கையில் நாசி லெமாக்கோடு. பஸ்ஸில் சாப்பிட்டேன். சம்பல் நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் முறை, போன வியாழக்கிழமை, முதல் வரிசை சீட்டுக்கே பதிந்தேன். மறுபடியும் கே.என்.பி.! முன்படி! கதவில் நின்ற தலைமைப் பணிப்பெண் நம் அலோர் ஸ்டார்ப் பெண்தான், பேர் ஷம்சியா. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்ததும், "மாமா, தகடுதானே? அந்தப் பக்கம் பாருங்க, கைப்பிடிக்கு மேல" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்கு எப்படியம்மா தெரியும் என்றேன். "போன வாரமும் ஒரு மாமா இப்படித்தான் குனிஞ்சாரு. பெரிய மீசை, மஞ்சத் தொப்பி. போட்டோ எடுத்துட்டு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சி. தண்ணி குடுத்தேன்."

பெரிய மீசை, மஞ்சள் தொப்பி! அடேய் காளிதாசா! நீயும் போயிருக்கிறாய்! பார்த்திருக்கிறாய்! பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் ஜித்ராவில் போய் உட்கார்ந்திருக்கிறாய்!

தகட்டைப் பார்த்தேன். கடைசி மூன்று இலக்கம்: ஆறு, நான்கு, ஏழு! மச்சான், சாந்தினி பிறந்தபோது நர்ஸ் வந்து பெண் குழந்தை என்று சொன்னாளே, அப்போது போட்ட சத்தத்துக்குப் பிறகு நான் அப்படிச் சத்தம் போட்டதில்லை. முதல் வரிசையில் இருந்த சீனர் எழுந்து நின்றுவிட்டார். ஷம்சியா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இன்னிக்கு நல்ல சேதியா?" என்றாள். "நல்ல சேதியம்மா, நம்ம கே.என்.சி. திரும்பி வந்துடுச்சி" என்றேன். போட்டோவை இத்துடன் இணைத்திருக்கிறேன். தகட்டுக்குக் கீழே நான்கு திருகாணி ஓட்டைகள் தெரியும், பார். என்னவோ ஒரு போர்டைக் கழற்றிவிட்டு ஓட்டையைக்கூட அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். குடியிருப்பவன் ஆணியைப் பிடுங்கிவிட்டு ஓட்டையை அப்படியே விட்டுப் போகிற வாடகை வீட்டு லட்சணம் அப்படியே இருக்கிறது. அதுவே ஒரு சாட்சி.

ஆக, கே.என்.பி. என்பது கே.என்.சி. கே.என்.சி. வாடகை விமானம். எனவே கே.என்.பி.யும் வாடகை விமானம். புதுசும் இல்லை, சொந்தமும் இல்லை. நீ சொன்ன இரண்டும் தப்பு, நான் சொன்ன இரண்டும் சரி. தாங்கள் (மறுபடி மரியாதைக்கு வருகிறேன்) இரண்டு குழுவிலும் தங்கள் சொந்தக் குரலில், சிரிப்புப் பொம்மை இல்லாமல், மன்னிப்பு ஆடியோ போட வேண்டும். அதைக் கேட்ட பிறகு நான் பெருந்தன்மையாக நடந்துகொள்வேன். வெற்றி பெற்றவன் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

தங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மாரியம்மன் கிருபையால் தங்கள் வீட்டில் ஏறுகிற எல்லாமும் பத்திரமாக இறங்கி, நோய் நொடி எல்லாம் ரத்தான பயணம் போல வராமலே இருக்கட்டும்.

இப்படிக்கு,
சொன்னதை நிரூபித்துக் காட்டிய,
பரஞ்சோதி
அட்மின், வடக்கு வானம்

பி.கு.: மணி இப்போது மாலை ஐந்து. கவரை ஒட்டப் போகிற நேரத்தில் மாப்பிள்ளை புவனேசன் வந்தார், ஜித்ராவில் அவர் சித்தப்பா வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போகிற வழியில். பெருமை தாங்காமல் போட்டோவைக் காட்டிவிட்டேன். பார்த்தார். "எண்ணு சரிதான் மாமா, பழைய பிளேன்தான்" என்றார். சாந்தினியைப் பார்த்தார். பிறகு தேத்தண்ணியைப் பார்த்தார். "ஆனா மாமா… சொல்லலாமா?" சொல்லுங்கள் என்றேன். "இந்த நாலு ஓட்டை இருக்குல்ல, அங்கதான் வாடகைக்கு விட்ட முதலாளியோட பேர்த் தகடு இருக்கும். 'இந்த விமானம் இன்னாருக்குச் சொந்தம்'னு போட்டிருக்கும். வாடகைல இருக்கிற வரைக்கும் அதைக் கழட்டவே கூடாது. கழட்டியிருக்காங்கன்னா வித்துட்டாங்கன்னு அர்த்தம். கெனாரி ஏர் போன டிசம்பர்லயே வாங்கிடுச்சி. எங்க ரிப்பேர் ஹேங்கர்லதான் தகட்டக் கழட்டினாங்க." முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு முன்னாடி மாமனார எதுத்துப் பேசக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."

நான் சாட்சி என்று எழுதிய ஓட்டை உனக்குத்தான் சாட்சி சொல்கிறது, காளிதாசா. விமானம் பழசு, அது நான் சொன்னது. கம்பெனிக்குச் சொந்தம், அது நீ சொன்னது. ஆளுக்குப் பாதி சரி, ஆளுக்குப் பாதி தப்பு. நீயும் அன்றைக்கு எண்ணைப் பார்த்து வாய் அடைத்துப் போய்த்தான் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். நான்கு மாதம் இரண்டு கிழவர்கள் ஒரு கதவை ஒழுங்காகப் பார்க்காமல் சண்டை போட்டிருக்கிறோம். இதைத் திருத்தி எழுதலாம் என்றால் வீட்டில் தாள் தீர்ந்துவிட்டது. அதனால் மேலே உள்ள பக்கங்களைப் படிக்காதே. படித்திருந்தால் மறந்துவிடு. நகலைக் கவுஸ் பாய் கடைக்கு அனுப்பவில்லை.

உன் அக்காள் கேட்ட முதல் வரி இதோ: தப்பாகப் பேசிவிட்டேன். இரண்டு குழுவிலும் நானே ஆடியோ போடுகிறேன். உன் குழுவில் என்னைச் சேர்த்தால்தான் போட முடியும், சேர்த்துவிடு. தாய்மாமனைத் தபாலில் அழைக்கக்கூடாது என்று அவள் சொல்கிறாள். வரும் ஞாயிறு தட்டோடும் பத்திரிகையோடும் நேரில் வருகிறோம், வீட்டில் இரு.

இன்னும் ஒன்று. கல்யாண மண்டபம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அமைந்தது தற்செயல் என்று உன் அக்காளிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல். முகூர்த்தம் ஒன்பதரை. கோலாலம்பூர் விமானம் இறங்குவது ஒன்பது நாற்பது. தாலி ஏறுகிற நேரத்தில் தலைக்கு மேலே சத்தம் கேட்கும். நான் பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டுக் கண் கலங்கி உட்கார்ந்திருப்பேன், நிமிர்ந்து பார்க்க முடியாது. மணவறைக்குப் பக்கத்தில் தாய்மாமன் நிற்கிற இடத்திலிருந்து ஜன்னல் நேராகத் தெரிகிறது, போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன். எது வந்தது என்று நீதான் பார்த்து என் காதில் சொல்ல வேண்டும். போட்டோ வேண்டாம். நீ எந்த நம்பரைச் சொன்னாலும் நம்பிக்கொள்கிறேன்.